தெற்குக் கதவு

தேர்தல் நாளன்று நெடுங்குழியில் யாரும் காலைச் சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் செத்தால், எழுந்ததும் குமட்டும். இது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. வாக்குச்சாவடி வாசலில்கூட, 'வெறும் வயிற்றோடு வரவும், போர்வை கொண்டுவரவும்' என்று ஒரு பலகை தொங்கியது. அதை அழகான கையெழுத்தில் எழுதியவள் செண்பகவல்லி, பள்ளிக்கூட டீச்சர். மனிதன் எந்தக் கோளுக்குக் குடிபோனாலும், தேர்தல் வேலையை வாத்தியார்கள் தலையில் கட்டுகிற வழக்கம் மட்டும் மூட்டையோடு மூட்டையாகக் கூடவே போய்விடுகிறது.

நெடுங்குழி என்பது வியாழனைச் சுற்றும் கலிஸ்டோ என்ற நிலவில், பனிப்பாறைக்கு அடியில் குடைந்து கட்டிய ஊர். ஆயிரத்து ஐந்நூறு பேர், நான்கு குடியிருப்பு வளவுகள், நான்கு வெளிக்கதவுகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு காற்றுக்கூடம். கதவுக்கு வெளியே மூச்சு விட ஒன்றும் கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் தென்கடலோரத்திலிருந்து கிளம்பி வந்தவர்களின் பேரன் பேத்திகள் அங்கே இருந்தார்கள்.

அவர்கள் வாக்களிக்கும் முறை இது. வாக்காளர் கட்டிலில் படுக்க வேண்டும். நெற்றியில் ஒரு பட்டை கட்டப்படும். ஊரின் கணிப்பான், அதாவது நூறு வருஷத்துப் பதிவேடுகளையும் ஒவ்வொருவருடைய பழக்கவழக்கத்தையும் விழுங்கி வைத்திருக்கிற இயந்திரம், ஒரு வேட்பாளர் தலைவரானால் வரப்போகிற ஐந்து வருஷங்களை அந்த மூளைக்குள் பதினோரு நிமிஷத்தில் ஓட்டிக் காட்டும். இதற்கு முன்வாழ்வு என்று பெயர். பார்ப்பது போல இருக்காது, வாழ்ந்தது போலவே இருக்கும். பசிக்கும், சலிக்கும், பல் வலிக்கும். கிழவர்கள் சிலர் மூன்றாம் வருஷத்தில் மாரடைப்பில் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுவார்கள். ஒரு வேட்பாளருக்குப் பதினோரு நிமிஷம், அடுத்தவருக்குப் பதினோரு நிமிஷம். அதற்குப் பிறகு மறைவறைக்குள் போய், கையிலிருக்கும் எஃகுக் குண்டை இரண்டு குழாய்களில் ஒன்றில் போட வேண்டும். பழைய பேரிங்கிலிருந்து எடுத்த குண்டுகள்தான். இவ்வளவு பெரிய இயந்திரத்தை நம்பிய அந்த மக்கள், எண்ணுகிற வேலையை மட்டும் இயந்திரத்திடம் விடவில்லை.

இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்றையும் முன்னோர்கள் செய்து வைத்திருந்தார்கள். ஊர்த்தலைவருக்குக் காற்று, நீர், கதவு என்று மூன்றே பொறுப்புகள். நான்காவதாக ஒரு துரும்பைக்கூட அவர் அசைக்க முடியாது. யார் எந்த அறையில் குடியிருப்பது, யார் எங்கே வேலை பார்ப்பது, யாருக்கு எத்தனை கரண்டி சோறு என்பதெல்லாம் குலுக்கலும் பழக்கமும் பார்த்துக்கொள்ளும். 'மூச்சுக்குழாயைப் பிடித்திருப்பவன் கையில் வேறு எதையும் கொடுக்காதே' என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை செண்பகவல்லி இருபத்தைந்து வருஷமாக மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறாள். அதன் பொருள் எளிமையானது. மனிதர்கள் ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கெட்டிக்காரர்கள் அல்ல என்பது முன்னோர்களுக்குத் தெரிந்திருந்தது. தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தாலும் ஊர் சாகாமல் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, நாற்காலியைச் சின்னதாகச் செய்து வைத்தார்கள். அதனால்தான் இதுவரை நடந்த தேர்தல்களில் இரண்டு முன்வாழ்வுகளுக்கும் இடையே குழாயின் வர்ணம்கூட மாறியதில்லை. எழுந்து கொட்டாவி விட்டுக்கொண்டு, ஏதோ ஒன்றில் குண்டைப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்தத் தடவை அப்படி இல்லை.

சாவடிச் சுவரில் இரண்டு பேர்களும், தகுதித்தேர்வு மதிப்பெண்களும் எழுதப்பட்டிருந்தன. மாதிரிக் காற்றுக்கூடத்தை நாற்பது மணி நேரம் தனியாக நடத்திக் காட்டுவதுதான் தேர்வு. அருணகிரி, தொண்ணூற்றொன்று. கோமதிநாயகம், இருபத்து மூன்று. தேர்வில் தோற்றவர் நிற்கக் கூடாது என்று சட்டம் இல்லை. மதிப்பெண்ணைச் சுவரில் எழுதிப்போட்டால் போதும், பார்த்துவிட்டு ஜனங்கள் முடிவெடுத்துக்கொள்வார்கள் என்று முன்னோர்கள் நினைத்திருந்தார்கள். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர்கள் ஜனங்களை நம்பிவிட்டார்கள்.

அருணகிரி காற்றுக்கூடத்தின் தலைமைப் பொறியாளர். சிரிக்கவே மாட்டார். கல்யாண வீட்டில் போய்க் கூரையைப் பார்த்து, இங்கே ஈரப்பதம் அதிகம் என்பார். அவருடைய தேர்தல் அறிக்கை ஒரே வரி: 'காற்று, நீர், கதவு.' கோமதிநாயகம் பொதுச் சமையல்கூடத்தின் மேற்பார்வையாளர். இன்னொரு கரண்டி கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அறியாதவர். ஊரில் அத்தனை பேருடைய பெயரும், அவரவர் நோயும், பிள்ளைகளின் பிறந்தநாளும் அவருக்கு அத்துப்படி. அவர் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டத்தில் காற்று, நீர், கதவு என்று இருப்பதற்குப் பக்கத்தில், 'மற்றும் மக்கள் குறை தீர்த்தல்' என்று நான்கு சொற்களைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் ஜெயித்தால் அந்தத் திருத்தமும் அப்போதே ஜெயித்ததாக அர்த்தம்.

முதல் சுற்றில் அறுபது பேர் படுத்தார்கள். அருணகிரியின் பதினோரு நிமிஷத்தில் பாதிப்பேர் குறட்டை விட்டார்கள். கோமதிநாயகத்தின் பதினோரு நிமிஷம் தொடங்கியதும், கட்டில்களிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு கிழவர் தூக்கத்திலேயே யாரையோ வாழ்த்தினார். ஒன்பதாம் நிமிஷம் வரை அப்படித்தான். பத்தாம் நிமிஷம் தாண்டியதும் அறுபது பேரும் ஒன்றுபோல வாயைத் திறந்து காற்றைத் தேடினார்கள். போர்வைகளைப் பிய்த்தார்கள். அப்புறம் அறுபது உடம்பும் அடங்கின.

பட்டைகளைக் கட்டி அவிழ்க்கும் லூர்து, முப்பது வயசுக்காரன், கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டான்.

"டீச்சர், எல்லாருமா?"

"கண்டதை வெளிய பேசக் கூடாது லூர்து. பட்டையைக் கழட்டு."

பேசக் கூடாது என்பது சட்டம். செத்துப் பிழைத்தவர்களின் வாயைச் சட்டம் எப்படிக் கட்டும்? பத்து நிமிஷத்தில் வரிசை முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது. கோமதி அண்ணாச்சி வந்தால் ஐந்தாம் வருஷத்து நடுவில் தெற்குக் கதவு விட்டுவிடும். கதவின் இடுக்கை அடைக்கும் ரப்பர் கேஸ்கட் பல மாசமாக மாற்றப்படாமல் கிழிந்துபோய், ஊரின் காற்றெல்லாம் அரை மணி நேரத்தில் வெளியே போய்விடும். ஒருவரும் மிச்சமில்லை.

 தெற்குக் கதவில் இருப்பவன் செண்பகவல்லியின் மகன் கதிரேசன். ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டர் சுரங்கப்பாதை தள்ளி, பனிக்கிணற்று ஓரத்தில், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கதவின் கசிவைக் கையால் அளந்து எழுதிக்கொண்டு, தேய்ந்த கேஸ்கட்டை மாற்றிக்கொண்டு இருப்பவன். குலுக்கலில் விழுந்த வேலை, ஆறு வருஷம். அதில் ஒன்றரை வருஷம்தான் முடிந்திருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாள் வருவான். கணவன் போன பிறகு மீதி நாளெல்லாம் அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். மகன் அப்படி அளக்காமல் விடுகிறவன் இல்லையே, பிறகு எப்படி அந்தக் கதவு விடும் என்ற யோசனை அவளைக் குடைந்தது. கண்காணிக்கிற அலுவலர்கள் கடைசியில்தான் படுக்க வேண்டும் என்பதால், சாயந்தரம் வரை பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அவளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. இத்தனை பேரும் தங்கள் சாவைத் தாங்களே பார்த்துவிட்டார்கள். இனி முடிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்த ஆறுதல் மூன்றாம் சுற்று வரைக்கும்தான் நின்றது. சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ரஹ்மத், கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து அவள் மேஜைக்கு முன்னால் நின்றாள்.

"டீச்சர், என் பொண்ணு கல்யாணத்துக்கு அண்ணாச்சி ஒரு வாரத்துக்கு முன்னாடியே வந்து நின்னாரு. கிழக்கு வளவுல பெரிய அறை ஒண்ணு எழுதிக் குடுத்தாரு. என் முட்டிவலியப் பாத்து, நீ ஏம்மா சலவையில நிக்கிறன்னு கேட்டு, உக்கார்ற வேலைக்கு மாத்திவிட்டாரு. ஒரு மனு, அவ்வளவுதான். ஒரே ஒரு தாளு."

"கடைசியில என்ன ஆச்சு ரஹ்மத்?"

"அது ஆச்சுதான்." ரஹ்மத் குண்டை உள்ளங்கையில் உருட்டினாள். "நாலரை வருசம் நல்லா இருந்துச்சு டீச்சர். அது அரை மணி நேரம்தானே."

"செத்துப்போனியே."

"இப்பதான் தெரிஞ்சுபோச்சே. அண்ணாச்சியும்தானே இன்னைக்குப் படுத்துப் பாப்பாரு? கேஸ்கட்ட மாத்திட்டாப் போச்சு. அப்புறம், நான் ஒருத்தி போடுற ஒத்தைக் குண்டுலயா ஊரு முங்கிரும்? புத்தியுள்ளவங்க எல்லாரும் எப்படியும் அருணகிரிக்குத்தான் போடுவாங்க. அண்ணாச்சிக்கும் கொஞ்சம் விழுந்தா அவரு மனசு நோகாது, பாருங்க."

சொல்லிவிட்டு அவள் மறைவறைக்குள் போனாள். செண்பகவல்லிக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கணிப்பான் மனிதர்களின் பழக்கத்தைத்தான் கணக்கில் எடுக்கும், நாளைக்குத் திருந்திவிடுவோம் என்ற எண்ணத்தை எடுக்காது. இதையும் அவள்தான் இந்த ரஹ்மத்துக்கு ஏழாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தாள். இருபத்தைந்து வருஷமாகத் உமியைக் குத்திக் கை சலித்தோம் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றியது.

எழுந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். வடக்கு வளவு மாடசாமி, "முதல்ல போறது தெக்கு வளவுக்காரங்கதானே, எங்க பக்கம் வர்றதுக்கு இருபத்தெட்டு நிமிசம் ஆச்சு" என்றார். ஒரு வாலிபன், சுவரில் இருந்த இருபத்து மூன்றைக் காட்டி, "மார்க் வாங்கினவன் எல்லாம் மனுசனா டீச்சர்? அருணகிரி அஞ்சு வருசத்துல ஒரு நாளு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல" என்றான். சொன்னவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: மற்றவர்கள் அருணகிரிக்குப் போடுவார்கள்.

"ஏன் லூர்து, இவங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்றாள் அவள், மதியம் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு. "தூக்குக்கயித்தப் பாத்துட்டு, கயிறு பட்டுக்கயிறுன்னு சொல்றாங்க."

லூர்து கட்டில்களில் விட்டுப்போன போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்குக் கோமதிநாயகம் வந்தார். வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டும் முந்தவில்லை. தன் முறை வரும் வரை நின்றார். எல்லோரையும் பேர் சொல்லி விசாரித்தார். படுத்தார், அருணகிரியின் ஆட்சியில் ஐந்து வருஷம் சமையல்கூடத்தில் இருந்துவிட்டு வந்தார், பிறகு தன் ஆட்சிக்குள் போனார். எழுந்தபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.  மறைவறைக்குள் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வெளியே வந்தபோது பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

அருணகிரி வரவே இல்லை. காற்றுக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது. 'வடிகட்டி கழுவும் நாள். உதவியாளர்கள் வாக்களிக்கப் போயிருக்கிறார்கள். ஆள் இல்லாமல் கூடத்தை விட்டு வர விதி இடம் தராது. என் வாக்கு இல்லாமல் எண்ணிக்கொள்ளவும். அருணகிரி.' நான்கு கதவுகளிலும் பணியில் இருந்தவர்களுக்கும் அதே விதிதான், அவர்களுக்கும் வாக்கு இல்லை. ஊரின் உயிரைக் கையில் வைத்திருந்தவர்கள் யாரும் அன்றைக்குச் சாவடிப் பக்கம் வரவில்லை.

சாவடி மூட அரை மணி இருக்கும்போது, தன் குண்டைப் போட்டுவிட்டு வந்த லூர்து அவளுக்குப் பட்டையைக் கட்டினான்.

அருணகிரியின் ஐந்து வருஷம் முதலில் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பள்ளிக்கூடம், சாப்பாடு, தூக்கம். கதிரேசன் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகப் பேசினான். மூன்றாம் வருஷம் ஒருமுறை பாதை மூடிக்கொண்டதால் வரவில்லை. எதிரே ஒரு தட்டு வைத்து, எடுத்து, கழுவிக் கவிழ்த்தாள். ஆறு வருஷக் கெடு முடிந்து வீட்டுக்கு வந்தவன் அவளிடம் பேசுவதற்கு ஒன்றும் இல்லாதவனாக இருந்தான். ஆனால் உயிரோடு இருந்தான். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

பிறகு கோமதிநாயகம். முதல் வாரத்திலேயே அவள் ஒரு மனு எழுதினாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, சாப்பாட்டு நேரத்துக்குக் கதிரேசன் பையோடு வந்து வாசலில் நின்றான். "இனிமே இங்கதாம்மா" என்றான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பண்டகசாலையில் வேலை. தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டான். குழம்பு உப்பு என்று சண்டை போட்டான். இரண்டாம் வருஷம் கல்யாணம், மூன்றாம் வருஷம் பெண் குழந்தை. அவளுடைய பேரையே வைத்தார்கள். அந்தக் குழந்தையின் தலையில் எண்ணெய் மணத்தது. முதல் பல் அவள் விரலைத்தான் கடித்தது. நாலரை வருஷம், ஒரு நாள் குறையாமல், அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தச் சொல்லை இவ்வளவு காலமும் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள்.

ஒரு மதியம் சங்கு ஊதியது. கதிரேசன் கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தான். "தெக்குக் கதவு" என்றான். "நான் அங்க இருந்திருந்தா..." தெற்குக் கதவில் அப்போது இருந்தவன் கோமதிநாயகத்தின் அக்கா மகன். கேஸ்கட் என்றால் எந்தப் பக்கம் என்று தெரியாதவன். கசிவை அளக்காமலே நான்கு வருஷமாக நல்ல எண்களாக எழுதி வைத்தவன். அவனை அனுப்பியவர் கெட்டவர் இல்லை. அவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். குழந்தைதான் முதலில் அடங்கியது. அதை மடியில் வைத்துக்கொண்டே அவளும் போனாள்.

"டீச்சர்" என்று லூர்து தோளைத் தொட்டான். "முடிஞ்சிருச்சு."

அவள் கையை மடியிலிருந்து எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. மடியில் போர்வைதான் இருந்தது.

மறைவறையில் இரண்டு குழாய்கள். இடது அருணகிரி, வலது கோமதிநாயகம். உள்ளே ரப்பர் பூசியிருந்ததால் குண்டு விழுகிற சத்தம் யாருக்கும் கேட்காது. காலையிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் பேரை முட்டாள்கள் என்று மனசுக்குள் திட்டியவள் அங்கே நின்றாள். எதைச் செய்ய வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிறகு குழந்தையின் தலை எண்ணெய் மணம் மூக்கில் வந்தது. காலையிலிருந்து எத்தனை பேர் எழுந்து அழுதார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். வாய் பேசினாலும் உள்ளே போனதும் பயம் வந்திருக்கும், எல்லோரும் அருணகிரிக்குத்தான் போட்டிருப்பார்கள். அவர் எப்படியும் ஜெயித்துவிடுவார். ஊர் பிழைத்துக்கொள்ளும். அப்படியிருக்க, ஒரே ஒரு குண்டு, அதுவும் ஒரு தாயின் குண்டு, அந்தக் குழந்தைக்கு மரியாதையாக வலது பக்கம் விழுந்தால் என்ன?

கலிஸ்டோவில் ஈர்ப்பு குறைவு. குண்டு மெதுவாகத்தான் இறங்கும். விரலை விட்ட பிறகும் அதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எண்ணுவது எளிமையான வேலை. இரண்டு குழாய்களின் மறுமுனையும் சாவடி நடுவில் கண்ணாடியால் ஆனது. திரையை விலக்கினால் எல்லோருக்கும் தெரியும். ஊர் முழுவதும் கூடியிருந்தது. லூர்து திரையை இழுத்தான்.

வலது குழாய் கூரை வரை நிறைந்து, பக்கத்துப் பெட்டியிலும் வழிந்திருந்தது. இடது குழாயின் அடியில் ஒரே ஒரு குண்டு கிடந்தது.

 ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரின் முகத்தைப் பார்த்தார்கள். ரஹ்மத் செண்பகவல்லியைப் பார்த்து, "என்ன டீச்சர் இப்படி ஆகிப்போச்சு?" என்று கேட்டாள், குற்றம் வேறு யாரோ செய்தது மாதிரி. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு, ஒன்று என்று செண்பகவல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அந்த ஒண்ணு யாருது?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"கேக்கணுமா? நம்ம டீச்சருதுதான்" என்றார் மாடசாமி. "அவங்க ஒருத்தங்களுக்குத்தான் அந்த நெஞ்சுரம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். லூர்துவும் பார்த்தான், கண் கலங்கியிருந்தது. "நானும் உங்கள மாதிரிப் போட்டிருக்கணும் டீச்சர்" என்றான். அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாக்கு ரகசியம் என்பது சட்டம் என்ற நினைவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். சட்டத்துக்கு அவள் அவ்வளவு நன்றியோடு இருந்தது அதுதான் முதல் தடவை.

மாலை மரியாதையெல்லாம் முடிந்ததும், கோமதிநாயகம் அவளைத் தனியே கூப்பிட்டார். சாவடி மேஜையில் அதற்குள் மனுக்கள் முழ உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

"டீச்சர், அந்த ஒத்தைக் குண்டு உங்களுதுன்னு சொல்லிக்கிறாங்க. சொல்லிக்கட்டும், நல்லதுதான்." குரலைத் தாழ்த்தினார். "அது நான் போட்டது."

அவள் அவரைப் பார்க்காமல் சுவரில் இருந்த இருபத்து மூன்றைப் பார்த்தாள்.

"நானும் கடைசி வரைக்கும் பாத்தேன் இல்லையா? என் பேத்திக்கு வாயில வாய் வெச்சு ஊதினேன் டீச்சர். அதுக்கப்புறம் எனக்கே எப்படிப் போடுவேன்?"

"அப்ப விலகிடுங்க அண்ணாச்சி. இப்பவே எழுதிக் குடுங்க."

"இத்தனை பேர் ஒரே வாயா கேக்கும்போது, மாட்டேன்னு சொல்றது எப்படி?" அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். "நான் போனா, இதே நாலு வார்த்தையோட வேற ஒருத்தன் வருவான். அவன் என்னைவிட நல்லவனாவா இருப்பான்? பாத்துக்கலாம். நாலரை வருசம் இருக்கு. கேஸ்கட்ட முதல் வேலையா பாத்துருவோம்." அப்புறம் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். முகத்தில் பழைய கனிவு வந்தது. "அந்தக் குண்டு என்னுதுன்னா, உங்களுது எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க டீச்சர், உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

தெற்குக் கதவில் இருக்கிற ஆளை மாற்ற வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லத்தான் நினைத்தாள். கை மட்டும் தன்பாட்டுக்கு மேஜையிலிருந்த வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்துக்கொண்டது. பலகை எழுதிய அதே அழகான கையெழுத்தில் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி, மகனின் பேரையும் பணியிடத்தையும் எழுதி, 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்' என்று முடித்தாள். ஒரு பிழைகூட இல்லை.

அவர் படித்தார். தெற்குக் கதவு என்ற இடத்தில் அவர் கண் ஒரு கணம் நின்றது. அவளுடைய கண்ணும் அங்கேதான் நின்றது. 

"ஒத்தைப் பிள்ளை. தாய் தனியா இருக்கிறது தப்புதானே" என்றார் கோமதிநாயகம், கையெழுத்துப் போட்டபடி. "அவன் இடத்துக்கு ஆளு பிரச்சினை இல்ல. எங்க அக்கா மகன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான். கத்துக்குவான்."

"எப்ப வருவான் அண்ணாச்சி?"

"அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதிக்குள்ள வந்துருவான்."

வீட்டுக்குப் போகிற வழியில் காற்றுக்கூடம். அருணகிரி வடிகட்டிகளைக் கழுவி முடித்து, வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் படியிறங்கி வந்தார். அவர் யாரையும் பார்த்து இறங்கி வந்து அவள் கண்டதில்லை.

"ஒண்ணுதான்னு சொன்னாங்க" என்றார். "உங்களுதுன்னும் சொன்னாங்க. நன்றி டீச்சர்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"நீங்க கவலைப்படாதீங்க. அவங்க என்ன வேணா திருத்தட்டும்." அவருடைய முகத்தில் சிரிப்புக்கு அருகில் ஏதோ ஒன்று வந்தது. "உங்க கதிரேசன் அங்க இருக்கிற வரைக்கும் தெக்குக் கதவு ஒண்ணும் ஆகாது."